பழைய சட்டைகளில் ஒரு போர்வை: வீட்டாரும் நண்பர்களும் கூடித் தைக்கும் முறை

குழந்தைக்குச் சிறுத்துப்போன கவுன், காலர் நைந்துபோன அப்பாவின் சட்டை, தூக்கிப்போட மனம் வராமல் அலமாரியின் அடித்தட்டில் மடித்து வைத்த துணிகள் எல்லா வீட்டிலும் இருக்கும். இவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப் போட்டால், மடியில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரு போர்வை கிடைக்கும். பலர் சேர்ந்து தைப்பதற்கு இதைவிட ஏற்ற வேலை இல்லை. ஒரு சட்டை தைக்கும்போது ஒருவர் மெஷினில் உட்கார, மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்க முடியும். போர்வையில் ஆறு வயதுக் குழந்தைக்கும் வேலை உண்டு, கண் மங்கிய பாட்டிக்கும் வேலை உண்டு.

கூட்டுத் தையலில் கண்டிப்பு வேண்டியது ஒரே ஒரு விஷயத்தில்தான்: அளவு. வெட்டும் அளவும் தையல் ஓரமும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். எந்தத் துணி எங்கே, எந்த நிற நூல், யாருடைய சதுரம் யாருடையதற்குப் பக்கத்தில் என்பதையெல்லாம் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். சின்னவர்கள் வைக்கும் வரிசை உங்கள் கண்ணுக்கு ஒவ்வாமல் இருந்தாலும் கை வைக்காதீர்கள்.

கணக்கு

சதுரத்தை 5 அங்குலமாக வெட்டுகிறோம். நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடும் என்பதால் தைத்தபின் நாலரை அங்குலம் தெரியும். அகலத்தில் 10, நீளத்தில் 12, ஆக 120 சதுரம். முடிந்த போர்வை 45 அங்குல அகலமும் 54 அங்குல நீளமும் இருக்கும். சோபாவில் உட்கார்ந்து காலை மூடிக்கொள்ள இது போதும். முதல்முறையே கட்டில் அளவுக்குப் போக வேண்டாம். வீட்டு மெஷினின் கைக்கடியில் அவ்வளவு துணியைச் சுருட்டித் தள்ளுவது பெரும்பாடு.

பெரியவர் சட்டையின் முதுகுப் பக்கத்தில் மட்டும் 9 முதல் 12 சதுரம் எடுக்கலாம். முன்பக்கமும் கையும் சேர்த்தால் இன்னும் சில கிடைக்கும். சிறுவர் சட்டையில் 4 முதல் 6 எதிர்பார்க்கலாம். ஆக, எட்டுப் பத்து உருப்படிகள் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். வெட்டும்போது 12 சதுரம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இவை போக வேண்டியவை: 200 மீட்டர் தையல் நூல்கண்டு ஒன்று (மொத்தத் தையல் நீளம் சுமார் 26 மீட்டர், மெஷின் அதைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு நூல் இழுக்கும்), 80/12 எண் ஊசி இரண்டு, பின்பக்கத்துக்கு 53க்கு 62 அங்குலத் துணி, நடுவில் வைக்க அதே அளவு பஞ்சு விரிப்பு அல்லது மெல்லிய பழைய பருத்திப் போர்வை, ஆறு இழையாகப் பிரியும் எம்பிராய்டரி நூலில் 8 மீட்டர் கண்டு மூன்று, சேஃப்டி பின் நூறு. நல்ல கத்தரிக்கோல் ஒன்றைத் துணிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். காகிதம் வெட்டினால் அதன் முனை மழுங்கி, துணியை வெட்டாமல் மென்றுவிடும்.

துணி தேர்வு

இந்த வேலை கெடுவது பெரும்பாலும் மெஷினில் அல்ல, துணி பொறுக்கும்போதே. எல்லாவற்றையும் முதலில் துவைத்துக் காயவையுங்கள். சுருங்க வேண்டியது வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும். சிவப்பு, அடர் நீலம், கறுப்புத் துணிகளின் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், தண்ணீர் தெளிந்து வரும்வரை அலச வேண்டும். அப்போதும் நிற்காத துணியை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு சிவப்புச் சதுரம் முதல் துவையலில் அக்கம்பக்கத்து எட்டுச் சதுரங்களையும் ரோஸ் நிறமாக்கிவிடும்.

அடுத்தது வலு. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை விலகிச் சல்லடைபோல் தெரிந்தால் அந்த இடம் வேண்டாம். பிறகு இரண்டு கட்டைவிரலையும் அருகருகே வைத்து வெளிப்பக்கமாக இழுங்கள். 'சர்ர்' என்று சத்தம் வந்தால் அந்தத் துணி தையலின் இழுப்பைத் தாங்காது. அது மிகவும் பிரியமானவரின் துணியாக இருந்தால், அடியில் மெல்லிய ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் உள்துணி) ஒட்டி வலுவூட்டலாம். அன்பளவில் விட முடியாத துணிக்கு மட்டும் இந்தச் சலுகை.

டீ-சர்ட் துணி இழுபடும். அதையும் அப்படியே வெட்டாமல், 7 அங்குலத் துண்டாக முதலில் வெட்டி, பின்பக்கம் ஃபியூசிங் ஒட்டி, ஆறியபின் 5 அங்குலச் சதுரமாக அளந்து வெட்ட வேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், வைத்து அழுத்தித் தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்தால் இழுபட்ட நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். ஜீன்ஸை மெல்லிய பருத்தியோடு சேர்க்க வேண்டாம். கனத்த துணியின் இழுப்பில் பக்கத்து மெல்லிய துணி தையல் ஓரமாகவே கிழியும். ஜீன்ஸ் நிறைய இருந்தால் முழுப் போர்வையையும் ஜீன்ஸிலேயே 90/14 ஊசியால் தைத்துக்கொள்ளலாம்.

வெட்டுதல்

கெட்டி அட்டையில் 5 அங்குலச் சதுரம் ஒன்றே ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். எல்லோரும் அதை வைத்தே வரைய வேண்டும். ஆளுக்கொரு அட்டை வெட்டினால் ஆளுக்கொரு அளவு வந்துவிடும். முப்பது நாற்பது தடவை வரைந்ததும் அட்டையின் ஓரம் தேயும் என்பதால், அதே அச்சில் இன்னொன்றையும் தயாராக வைத்திருங்கள். இயன்றால் கத்தரி பிடிப்பது ஒருவராகவே இருக்கட்டும். வரைவது, அடுக்குவது, நூல் பிசிறை எடுப்பது மற்றவர்கள் வேலை.

சட்டையின் பக்கத் தையல், காலர், கைப்பட்டி எல்லாவற்றையும் முதலில் வெட்டி நீக்கித் துணியைத் தட்டையாக்குங்கள். அட்டையின் ஒரு பக்கம் துணியின் இழை ஓடும் திசையோடு நேராக நிற்க வேண்டும். கோணலாக வெட்டினால் சதுரம் கிராஸில் அமைந்து, தைக்கும்போது ரப்பர்போல் நீளும். கோடு போட்ட, கட்டம் போட்ட சட்டைகளில் கோட்டையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

சட்டைப் பையை வீணாக்காதீர்கள். பை நடுவில் வரும்படி அட்டையை வைத்து, பையோடு சேர்த்து வெட்டினால் போர்வையில் ஒரு குட்டிப் பை கிடைக்கும். அதற்குள் சீட்டு எழுதி ஒளித்து வைப்பதற்கென்றே குழந்தைகள் போர்வையைத் தேடிவருவார்கள். பையின் ஓரம் சதுரத்தின் விளிம்பிலிருந்து அரை அங்குலமாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இல்லையென்றால் தையலில் மாட்டும்.

யாருக்கு என்ன வேலை

ஐந்து ஆறு வயதுக்காரர்கள் சதுரங்களை நிறவாரியாகப் பிரிக்கலாம், தரையில் அடுக்கலாம். தைத்தே தீருவேன் என்று அடம்பிடித்தால் முனை மழுங்கிய கம்பளி ஊசியும் இழை அகன்ற சாக்குத் துணியும் கொடுங்கள். எட்டு வயதுக்குமேல், பக்கத்தில் பெரியவர் இருக்க, மெஷினில் நேர்த்தையல் அடிக்கலாம். மிதிக்கட்டையின் மேல்தட்டுக்கு அடியில் ஒரு அழிரப்பரைச் செருகினால் எவ்வளவு அழுத்தினாலும் மெஷின் பாய்ந்து ஓடாது. துணியைத் தள்ளவோ இழுக்கவோ கூடாது, வழிகாட்டினால் போதும் என்பதையும், விரல் ஊசிக்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதையும் மெஷின் தட்டில் ஒட்டுநாடாவால் கோடு போட்டே காட்டுங்கள்.

பாட்டி தாத்தாவுக்குக் கை ஓடும், ஊசியில் நூல் கோக்கத்தான் கண் ஒத்துழைக்காது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. நூல்கண்டை வெட்டாமல், பத்து ஊசியையும் அந்த ஒரே நூலில் வரிசையாகக் கோத்துவிடுங்கள். தைக்க வேண்டியபோது முதல் ஊசியை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்ற ஒன்பதையும் கண்டுப் பக்கமாகத் தள்ளி, ஒன்றரை அடி நூல் இழுத்து வெட்டினால் ஊசி தயார். மறுபடி கேட்கவே வேண்டாம், மதியம் முழுக்க ஓடும். ஒன்றரை அடிக்குமேல் நூல் வேண்டாம். நீள நூல் துணிக்குள் போய்ப் போய் வந்து முறுக்கேறிச் சிக்கும், பாதியில் நைந்து அறும்.

மெஷினே இல்லாவிட்டாலும் குறையில்லை. ஓட்டுத் தையலில் அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையல் போட்டு, நாலைந்து தையலுக்கு ஒருமுறை ஒரு கெட்டித் தையல் (ஊசியைப் பின்னோக்கிக் குத்தி எடுப்பது) எடுத்தால் போதும். நண்பர்கள் ஆளுக்கு ஒரு வரிசையை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தைத்துக்கொண்டு வரலாம். அப்படியானால் சதுரங்களின் பின்பக்கம் தையல் கோட்டைப் பென்சிலால் வரைந்தே கொடுத்துவிடுங்கள்.

கால் அங்குலம்

சொல்லும்போது சின்ன விஷயமாகத்தான் இருக்கும். ஒருவர் 6 மில்லிமீட்டர் ஓரம் விட்டுத் தைக்கிறார், இன்னொருவர் 8 மில்லிமீட்டர் விடுகிறார் என்று வையுங்கள். ஒரு தையலில் இரண்டு சதுரத்தின் ஓரமும் போவதால் வித்தியாசம் 4 மில்லிமீட்டர். ஒரு வரிசையில் 9 தையல். வரிசை 36 மில்லிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிடும். இருவரின் வரிசைகளையும் இழுத்துப் பிடித்துச் சேர்த்தால் போர்வை அலை அலையாகச் சுருங்கும். எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் அது போகாது.

அதனால் தொடங்குமுன் ஒவ்வொருவரும் சோதனைக்கு இரண்டு சதுரம் தைக்கட்டும். தைத்து விரித்து அழுத்தியபின் அகலம் சரியாக 9½ அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் ஓரம் அதிகம் போகிறது, கூடினால் ஓரம் போதவில்லை. சரியான தூரம் கிடைத்ததும் மெஷின் தட்டில் அந்த இடத்தில் ஒட்டுநாடாவை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிவிடுங்கள். துணி அதில் முட்டி நேராகவே போகும்.

அடுக்கித் தைத்தல்

120 சதுரத்தையும் தரையில் பரப்பி, எல்லோரும் சுற்றி நின்று மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். நிறம் ஒரு பக்கமே குவிகிறதா என்று தெரியாவிட்டால் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுங்கள். வெளிர், அடர் எங்கே கூடிவிட்டது என்பது உடனே புலப்படும். முடிவானதும் ஒரு வண்ணப்படமும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி, மேல் சதுரத்தில் வரிசை எண் எழுதிய சீட்டைக் குத்திவையுங்கள்.

தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர். முதலில் ஒரு வேண்டாத துண்டில் தையலைத் தொடங்கி, அதிலிருந்து இடைவெளி விடாமல் சதுரத்துக்குள் போங்கள். நேரடியாகச் சதுரத்தின் மூலையில் தொடங்கினால் ஊசி அதை ஓட்டைக்குள் இழுத்து நசுக்கிவிடும். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை வெட்டாமலே அடுத்த ஜோடியை நுழைக்கலாம். கொடியில் துணி காய்வதுபோல் ஜோடிகள் வரிசையாக மெஷினுக்குப் பின்னால் தொங்கும். வெட்டிப் பிரிப்பது பிள்ளைகள் வேலை.

வரிசைகள் தைத்தானதும் இஸ்திரி. ஒற்றைப்படை வரிசைகளின் தையல் ஓரங்கள் எல்லாம் வலப்பக்கம் படியட்டும், இரட்டைப்படை வரிசைகளில் இடப்பக்கம். காரணம் அடுத்த தையலில் விளங்கும். இரண்டு வரிசைகளை நல்ல பக்கம் உள்ளே வர ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தையல் சந்திக்கும் இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். மேல்துணியின் புடைப்பு கீழ்த்துணியின் புடைப்பை நோக்கி வந்து, படக்கென்று ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அதற்குமேல் நகராது. அந்த இடத்தில் குண்டூசி குத்துங்கள். கண் தெரியாதவர்கள்கூட விரலாலேயே கண்டுபிடிக்கலாம். இப்படிப் பூட்டித் தைத்தால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் கூடும். குண்டூசி மெஷின் ஊசிக்கு அருகே வரும்போது எடுத்துவிட வேண்டும். ஊசி அதன்மேல் இறங்கினால் முறிந்து தெறிக்கும்.

மெஷின் மக்கர் செய்தால்

துணியின் அடியில் நூல் கொத்துக் கொத்தாக வளையம் போட்டால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குறைசொல்வார்கள். தவறு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோத்திருப்பீர்கள். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் அவற்றுக்கு நடுவே உட்காரவில்லை. பாதத்தைத் தூக்கி, நூலை முழுதாக உருவிவிட்டு, மறுபடி கோத்தாலே சரியாகும். அதற்குமுன் இறுக்கத் திருகைத் தொடாதீர்கள்.

தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி மழுங்கியிருக்கும், அல்லது திருப்பி மாட்டியிருக்கும். ஊசியின் ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் இருக்கும். நூல் அந்தப் பக்கத்திலிருந்துதான் காதுக்குள் போக வேண்டும். சுமார் 8 மணி நேரத் தையலுக்கு ஒருமுறை ஊசியை மாற்றுங்கள்.

கையெழுத்துச் சதுரம்

வெளிர்நிறச் சதுரங்கள் ஐந்தாறில் எல்லோரும் பெயர் எழுதலாம். துணிக்கு என்றே விற்கும் நிறமிப் பேனா வேண்டும். எழுதிக் காய்ந்ததும் மேலே ஒரு துணி வைத்து இஸ்திரி போட்டு நிலைப்படுத்துங்கள். அடியில் உப்புத்தாள் ஒன்றை, சொரசொரப்பு மேலே இருக்க வைத்தால் எழுதும்போது துணி நழுவாது. 1840களில் அமெரிக்காவில் நண்பர்கள் கையெழுத்திட்டுத் தந்த சதுரங்களால் போர்வை தைப்பது பெருவழக்காக இருந்தது. அவற்றுள் இரும்புச் சத்துள்ள மையால் எழுதிய சிலவற்றில், நாளடைவில் மை துணியை அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. மை விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சூட்டில் மறையும் பேனாவும் ஆகாது. இஸ்திரியில் மறைந்தது குளிர் பட்டால் திரும்பத் தலைகாட்டும். எழுத்து விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளேயே இருக்கட்டும். நேரம் இருந்தால் அதன்மேல் எம்பிராய்டரி நூலில் இரண்டு இழை எடுத்துக் கெட்டித் தையல் போடலாம்.

மூன்று அடுக்கும் முடிச்சும்

பின்பக்கத் துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, ஓரங்களை ஒட்டுநாடாவால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், விறைப்பாக இழுக்க வேண்டாம். இழுத்து ஒட்டினால் எடுத்தவுடன் சுருங்கி, மேல்பக்கம் பொதபொதவென்று நிற்கும். அதன்மேல் பஞ்சு விரிப்பு, அதன்மேல் தைத்த துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவிவிட்டு, ஒரு கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின் குத்துங்கள்.

இப்போது எல்லோரும் சுற்றி உட்காரும் நேரம். நான்கு சதுரம் கூடும் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு, மொத்தம் 99. நாலு பேர் இருந்தால் ஆளுக்கு 25 வரும். முடிச்சைச் சதுரத்தின் நடுவில் போட வேண்டாம். பழைய துணி ஒற்றை அடுக்காக அந்த இழுப்பைத் தாங்காது. சந்திப்பில் ஓரங்கள் அடுக்கடுக்காக இருப்பதால் தாங்கும். பஞ்சு விரிப்பு வாங்கும்போது எத்தனை அங்குலத்துக்கு ஒரு தையல் வேண்டும் என்று உறையில் போட்டிருப்பதைப் பாருங்கள். இங்கே முடிச்சுகளுக்கு இடைவெளி நாலரை அங்குலம். அதற்குக் குறைவாகக் கேட்கும் விரிப்பு, துவைக்கும்போது உள்ளே திரண்டுவிடும்.

ஆறு இழையும் சேர்ந்த நூலில் சுமார் 20 சென்டிமீட்டர் வெட்டி, காது நீண்ட ஊசியில் கோத்து, மேலிருந்து கீழே இறக்கி, கால் அங்குலம் தள்ளி மேலே எடுங்கள். ஊசி மூன்று அடுக்கிலும் இறுகி நின்றால், ரப்பர் கையுறையின் ஒரு துண்டால் பிடித்து இழுத்தால் வழுக்காமல் வந்துவிடும். முடிச்சில் முதலில் வலக்கை நூல் இடக்கை நூலின்மேல் போகட்டும், அடுத்து இடக்கை நூல் வலக்கை நூலின்மேல். இரண்டு முறையும் ஒரே பக்கம் சுற்றினால் அது துவையலில் அவிழும் முடிச்சு. நுனியை 2 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள், ஒட்ட நறுக்க வேண்டாம்.

உட்காரும்போது ஊசிகளை எண்ணிக் கொடுங்கள், எழுந்திருக்கும்போது எண்ணி வாங்குங்கள். ஒன்று குறைந்தாலும் காந்தம் கொண்டு தேடாமல் குழந்தைகளைப் போர்வையில் புரளவிடக் கூடாது. சேஃப்டி பின்களுக்கும் இதே கணக்கு.

ஓரம்

முதல் போர்வைக்குப் பின்துணியையே மடித்து ஓரம் அடிப்பது எளிது. பஞ்சு விரிப்பை மட்டும் மேல்துணி அளவுக்கு வெட்டுங்கள். கத்தரி பின்துணியில் பட்டுவிடாதபடி அதை அடியில் மடக்கிக்கொள்ளுங்கள். பிறகு பின்துணியை நாலு பக்கமும் 1 அங்குலம் வெளியே நிற்கும்படி வெட்டி, அரை அங்குலம் மடித்து, மறுபடி அரை அங்குலம் மேல்பக்கமாக மடித்து ஹெம்மிங் அல்லது மெஷின் தையல் போடுங்கள். மூலையில் துணி குவிந்தால் முதல் மடிப்புக்குள் இருக்கும் நுனியை மட்டும் சாய்வாக நறுக்கலாம். அதிகம் நறுக்கினால் மூலை பிரிந்துவிடும். பின்பக்கம் ஒரு மூலையில் தைத்தவர்கள் பெயரும் தேதியும் எழுதிய துணித்துண்டைத் தைத்துவிடுங்கள்.

குளிர்ந்த தண்ணீரில், மெதுவான சுழற்சியில் துவைக்கலாம். காயவைக்கும்போது கொடியில் ஒற்றையாகத் தொங்கவிட்டால் ஈரப் பாரம் முழுதும் தையலில் இறங்கும். இரண்டு கொடிமேல் பரப்பிப் போடுங்கள். மீந்த 12 சதுரத்தையும் ஒரு உறையில் போட்டுப் போர்வையோடு வையுங்கள். ஏதாவது ஒரு சதுரம் நைந்தால் பழையதைப் பிரிக்காமல், மீந்ததில் ஒன்றை நாலு பக்கமும் கால் அங்குலம் உள்ளே மடித்து அதன்மேல் வைத்து, ஓரம் சுற்றி ஹெம்மிங் போட்டுவிடலாம்.